கரண்டி நடக்கும் வீடு

அக்டோபர் 6

ஞாயிறுதோறும் நூலகத்தில் எங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கும் அம்மா, தினமும் நாலு வரி டைரி எழுதுங்கள், மொழி தானாக வரும் என்றார். எழுதிப் பார்த்தேன். "டுடே கோல்ட். ஐ வெல்ட். ஐ ஈட் ரைஸ்." அதற்கு மேல் என் வாழ்க்கையில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்ததும் பயந்துபோய்த் தமிழுக்கு வந்துவிட்டேன். எட்டாம் வகுப்பில் பாதியில் எழுந்து வெல்டிங் பட்டறைக்குப் போனவன் நான். பிழை இருந்தால் கனடா அரசாங்கம் மன்னிக்கட்டும். மற்றதற்கெல்லாம் அவர்கள் மன்னிப்பைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறேன்.

சஸ்காட்சுவான் என்று இந்த மாகாணத்துக்குப் பெயர். இதைச் சொல்லிப் பழகவே ஒரு வருஷம் ஆயிற்று. சப்பாத்திக் கட்டையால் தேய்த்துவிட்டதுபோல் தரை. கோதுமை போட்டுவைக்கும் இரும்புக் குதிர் செய்கிற தொழிற்சாலையில் வெல்டர் வேலை. குதிர் என்றால் நம் ஊர்க் குதிர் இல்லை. துவாக்குடியில் எங்கள் தெருவையே உள்ளே குடிவைக்கலாம்.

நிரந்தரமாகத் தங்கும் கார்டுக்கு மனுப் போட்டு வருஷம் தாண்டிவிட்டது. மூன்று பேருக்கு: நான், என் பெண்டாட்டி பாக்கியம், மகள் ஓவியா. கம்ப்யூட்டரில் திறந்து பார்த்தால் "பரிசீலனையில் உள்ளது" என்று வருகிறது. பெண் பார்த்துவிட்டுப்போன மாப்பிள்ளை வீட்டார் மாதிரி. பிடித்திருக்கிறது என்றும் இல்லை, பிடிக்கவில்லை என்றும் இல்லை.

அக்டோபர் 12

சிவயோகம் அக்கா கடையில் அரிசி வாங்கினேன். இந்த ஊரில் நம் சாமான் விற்கும் ஒரே கடை அவருடையதுதான். யாழ்ப்பாணத்துக்காரர். என் மனுவை நிரப்பிக் கொடுத்தவரும் அவர்தான். பார்க்கும்போதெல்லாம் ஒரே பாடம்.

"தம்பி, காட் வாற வரைக்கும் வீட்டில ஆரும் பிறந்தா, செத்தா, கலியாணம் முடிச்சா எனக்குச் சொல்லோணும். ஒளிக்கக் கூடாது."

"எனக்கு ரெண்டாங் கல்யாணம் ஆனா சொல்லணுமாக்கா?"

"உமக்கு ஆர் பெண் தருவினம்? பகிடியை விட்டுட்டுக் கேளும். உம்மட வேலை பெர்மிட் முடிஞ்சு நீட்டக் குடுத்திருக்கு. பதில் வராமல் நாட்டை விட்டு வெளிய போனீரெண்டால் திரும்பி வந்து வேலை செய்ய ஏலாது. பிள்ளை கலியாணம் முடிச்சாள் எண்டால் அவளின்ட பேரை எடுத்துப் போடுவினம். விளங்குதோ?"

விளங்குது என்றேன். புளி இருக்கிறதா என்று கேட்டேன்.

அக்டோபர் 19

வீட்டுக்கு வீடியோவில் பேசினேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்து கையை ஆட்டினார். பின்னால் என் அக்கா அஞ்சலையின் மகன் கதிர்வேல் நின்றான். சொந்தமாக ஜேசிபி ஓட்டுகிறான்.

"என்ன மாப்ளே, ஊரையே தோண்டுறியே, எங்க வீட்டு போர்ல தண்ணி வந்துச்சா?"

"வரும் மாமா, நீங்க வந்து குளிச்சாதான் வருவேன்னு அடம் புடிக்குது."

"சரி, எம்பொண்ணு கனடா வந்துட்டா நீ யாரைப் பைக்ல ஏத்திக்கிட்டு ஊர் சுத்துவே? ஜேசிபி வாளியில வேற எவளையாவது ஏத்திக்க."

எல்லாரும் சிரித்தார்கள். ஓவியா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் நாலு வயசுப் பயலைத் தூக்கி, "பாருடா மாப்ளே, உம்பொண்டாட்டி" என்று காட்டியவன் நான். அன்றிலிருந்து அவன் மாப்ளேதான். முறைப் பையனைக் கேலி செய்யாமல் வேறு யாரைச் செய்வது?

நவம்பர் 9

பழைய துணிக் கடையில் ஓவியாவுக்கு ஒரு குளிர்க் கோட்டு வாங்கினேன். கத்தரிப்பூ நிறம். கழுத்தில் ரோமம் வைத்தது. என்னோடு தங்கியிருக்கும் பிலிப்பைன்ஸ்காரன் ரோமலை மாட்டிக்கொண்டு நிற்கச் சொல்லி அளவு பார்த்தேன். அவனுக்கு நன்றாக இருந்தது. கழற்றமாட்டேன் என்றான்.

நவம்பர் 20

அப்பா போய்விட்டார்.

நவம்பர் 22

போகமுடியாது. சிவயோகம் அக்காவிடம் கேட்டேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். அதிலேயே தெரிந்துவிட்டது.

கொள்ளி வைத்தது பங்காளி வீட்டுப் பையன். கதிர்வேல் ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே கூட நடந்தான். பறை அடிக்கிற சத்தம் அதிகமானதால் ஃபோன் சத்தத்தைத் தானாகவே குறைத்துக்கொண்டது. அப்பா சத்தமில்லாமல் போனார். கடைசியில் அவன் ஃபோனை அவர் முகத்தருகே கொண்டுபோய், "தாத்தா, மாமா பாக்குறாரு" என்றான்.

மறுநாளே வேலைக்குப் போனேன். வெல்டருக்கு ஒரு சௌகரியம் உண்டு. முகத்தை மூடும் ஷீல்டை இறக்கிவிட்டால் உள்ளே அவன் என்ன செய்கிறான் என்று ஒருத்தருக்கும் தெரியாது. ஃபோர்மேன், இன்று நன்றாக வேலை செய்தாய் என்றான்.

டிசம்பர் 6

கருமாதி முடிந்தது. அக்கா பேசினாள். அழுகை ஓய்ந்த குரல்.

"ரெங்கா, அப்பா செத்த வருசம் திரும்பறதுக்குள்ள வீட்டுல ஒரு நல்லது நடக்கணும். இல்லாட்டி தள்ளிக்கிட்டே போகும். தை பொறந்ததும் ஓவியாவைக் கேட்டு வர்றோம். அப்பாவும் அதைத்தான் சொல்லிக்கிட்டே கெடந்தாரு."

"அக்கா, கார்டு வரட்டும்."

"கார்டு வர்றப்ப வரட்டும். கல்யாணத்துக்கும் கார்டுக்கும் என்னடா?"

சொன்னேன். கல்யாணம் ஆகிவிட்டால் அவள் பேரை வெட்டிவிடுவார்கள், அப்புறம் நானும் பாக்கியமும் மட்டும்தான் என்று.

"பெத்த அப்பன் சாவுக்கும் விடமாட்டான், பொண்ணு கல்யாணத்துக்கும் விடமாட்டான். அது என்னடா ஊரு?"

"அக்கா..."

"அவ பொறந்த அன்னைக்கே எம்புள்ளைய மாப்ளேன்னு கூப்புட்டவன் நீ. ஊரே கேட்டுச்சு."

"அது கேலிக்குக்கா."

"கேலியா? இத்தினி வருசமாவாடா கேலி பண்ணே?"

வைத்துவிட்டாள்.

டிசம்பர் 14

ரோமலுக்குக் கார்டு வந்து அவன் குடும்பம் வந்து இறங்கியது. இரண்டு பெண் குழந்தைகள். ஏர்போர்ட் வாசலிலேயே பனியை அள்ளி வாயில் போட்டுப் பார்த்தன. சர்க்கரை இல்லை என்று ஏமாந்துபோய் அப்பன் முகத்தைப் பார்த்தன. ரோமல் சிரித்துச் சிரித்து அழுதான். நான் பெட்டிகளைத் தூக்கினேன்.

டிசம்பர் 28

பரிசீலனையில் உள்ளது.

ஜனவரி 14

பொங்கல். அரிசியும் வெல்லமும் போட்டு எலக்ட்ரிக் குக்கரில் பொங்கினேன். பொங்கும்போது அது தானாக ஆஃப் ஆகிவிட்டது. "பொங்கலோ பொங்" வரைக்கும்தான் சொல்ல முடிந்தது.

அக்கா பேசுவதில்லை. "பேசலைன்னா போகட்டுங்க, புள்ளைய நம்ம வழிக்குக் கொண்டுபோவோம்" என்றாள் பாக்கியம். ஓவியா எங்கே என்றேன். படுத்திருக்கிறாள், சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். டயட்டா என்று கேட்டேன். பாக்கியம் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 2

ஓவியா வீடியோவில் வரவில்லை. தலைவலியாம்.

பிப்ரவரி 9

தலைவலிதான் இன்னும்.

பிப்ரவரி 16

வந்தாள். கழுத்தைச் சுற்றிக் கம்பளிச் சால்வை. திருச்சியில் தண்ணீர் இப்போதே சுடுகிறதாம். எதற்கம்மா சால்வை என்றேன்.

"கனடாவுக்குப் பழகிக்கிறேன்ப்பா."

கை நிறைய மருதாணி, முழங்கை வரைக்கும். அடுத்த வீட்டுச் செண்பகம் மகளுக்குக் கல்யாணம், அதற்குப் போனோம் என்றாள் பாக்கியம். செண்பகத்துக்கு இரண்டும் பையன்கள் என்று எனக்கு ஞாபகம். நான் ஊரை விட்டு வந்து நாளாகிவிட்டது. மறந்திருப்பேன்.

மார்ச் 2

பேசிக்கொண்டிருக்கும்போது பாக்கியத்துக்குப் பின்னால் யாரோ நடந்து போனார்கள். தரையில் டக் டக் என்று சத்தம். மெட்டி போட்ட கால் டைல்ஸ் தரையில் நடந்தால் வருமே, அது. அப்பா செத்தபின் வீட்டில் இருப்பது பாக்கியமும் ஓவியாவும்தான். பாக்கியம் என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.

"என்ன சத்தம்?"

"கரண்டி விழுந்துச்சுங்க."

கரண்டி அடுப்படியிலிருந்து கூடம் வரைக்கும் விழுந்துகொண்டே போயிற்று. நல்ல கரண்டி.

மார்ச் 9

அக்கா தானாகக் கூப்பிட்டாள். "ரெங்கா, சாப்ட்டியாடா? குளிரு ரொம்பவாமே, காதை மூடிக்கிட்டுப் போ." சின்ன வயசில் என் பங்கு அதிரசத்தைத் தின்றுவிட்டு வரும்போதுதான் இப்படி இனிக்கப் பேசுவாள். அதிரசத்தைப் பற்றி நான் கேட்கவில்லை.

மார்ச் 16

இங்கே ஞாயிறு சாயங்காலம், அங்கே திங்கள் விடியல். பாக்கியம் ஃபோனோடு வாசலுக்கு வந்து கோலத்தைக் காட்டினாள். ஓரத்தில் கதிர்வேலின் பைக். சீட்டெல்லாம் பனி விழுந்து நனைந்திருந்தது. பெட்ரோல் தீர்ந்து ராத்திரி விட்டுவிட்டுப் போனான் என்றாள் நான் கேட்காமலேயே. நான் கோலம் நன்றாக இருக்கிறது என்றேன்.

மார்ச் 22

இரண்டு படுக்கையறை வீடு ஒன்று பார்த்து முன்பணம் கொடுத்துக் குடிவந்தேன். சின்ன அறை ஓவியாவுக்கு. ஜன்னலைத் திறந்தால் ரயில் பாதை. கோதுமை ஏற்றிய ரயில் போய்க்கொண்டே இருக்கிறது, வால் வரவே வராது. அவள் சின்னப் பிள்ளையில் துவாக்குடி ரயில்வே கேட்டில் நின்று பெட்டி எண்ணுவாள். கோட்டை அந்த அறையில் ஆணியடித்து மாட்டியிருக்கிறேன். ரோமல், யாருக்கு இந்த அறை என்றான். மகளுக்கு என்றேன். சொல்லும்போது குரல் சரியாகத்தான் இருந்தது.

ஏப்ரல் 4

வந்துவிட்டது.

வேலையில் இருக்கும்போது ஃபோனில் செய்தி. கையுறையைக் கழற்றப் பொறுமை இல்லை, பல்லால் இழுத்துப் போட்டேன். முடியும் தறுவாயில் இருக்கிறதாம். கடைசியாக ஒரு விவரம் மட்டும் உறுதி செய்ய வேண்டுமாம். ரோமல் படித்துச் சொன்னான்: மனுப் போட்டபின் உங்கள் குடும்பத்தில் யாருக்காவது திருமணம், பிறப்பு, இறப்பு, பிரிவு ஏதாவது நடந்திருக்கிறதா?

ரோமல் என் முதுகில் குத்தி, "இல்லைன்னு போடு, முடிஞ்சுது!" என்று ஆடினான். அவனோடு நானும் கொஞ்சம் ஆடினேன்.

ஏப்ரல் 5

சிவயோகம் அக்கா கடையை அரைக் கதவு சாத்திவிட்டுக் கம்ப்யூட்டரைத் திறந்தார்.

"வழமையான கேள்விதான் தம்பி. அப்பா மனுவில இல்லை, அவர்ட சாவு இதில வராது. இல்லை எண்டு போடட்டே?"

"கொஞ்சம் பொறுங்கக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "என்ன?"

"எங்க வீட்டுல ஒரு கரண்டி நடக்குதுக்கா."

பகிடி என்று நினைத்து முறைத்தார். சால்வை, மருதாணி, மெட்டி, பைக் எல்லாம் சொன்னேன். சொல்லச் சொல்லத்தான் எல்லாவற்றையும் நான் எவ்வளவு பத்திரமாக எடுத்து வைத்திருக்கிறேன் என்று எனக்கே தெரிந்தது. அக்கா சிரிக்கவில்லை.

"கேட்டுப் பாரும் தம்பி. தாலி ஏறியிருந்தால் ஏறினதுதான். பதிஞ்சதோ பதியேல்லையோ எண்டு இவை கேட்கேல்லை. கலியாணம் முடிஞ்சுதோ எண்டுதான் கேட்கினம்."

"முடியலைன்னு சொன்னா?"

"பிள்ளை வருவாள். வந்தாப் பிறகு அந்தப் பெடியனைத் தன்ட புருசன் எண்டு இஞ்ச கூப்பிட ஏலாது. ஏன் முதல் சொல்லேல்லை எண்டு கேட்பினம். பிடிபட்டால் உம்மட, மனுசியின்ட, பிள்ளையின்ட, மூண்டு காட்டும் போகும். சொன்னீரெண்டால் நீரும் மனுசியும் வருவியள். பிள்ளை அங்க."

புளி வாங்காமல் வந்துவிட்டேன்.

ஏப்ரல் 6

"பாக்கியம், கரண்டியைக் கொஞ்சம் ஃபோனுக்குக் கூப்பிடு."

அவள் முகம் அப்படியே நின்றது. நெட்வொர்க் போய்விட்டதோ என்று பார்த்தேன். கண் இமைத்தது. பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

"புள்ள சோறு திங்கலைங்க. அவனத் தவிர யாரும் வேணாம், கனடாவும் வேணாம்னு படுத்துட்டா. உங்ககிட்ட சொன்னா வேணாம்னுவீங்க, வேணாம்னுட்டு அங்க தனியா உக்காந்துக்குவீங்க. கொலசாமி கோயில்ல வச்சு, எட்டே பேரு. பத்திரிக்கை அடிக்கல, போட்டோ புடிக்கல, ரிஜிஸ்டர் பண்ணல. அண்ணிக்கும் மனசு ஆறும், கெவர்மெண்டுக்கும் தெரியாது. காயிதத்துல அவ இன்னும் கன்னிப் பொண்ணுதாங்க."

"தாரை வார்த்தது யாரு?"

"பங்காளி வீட்டு மாமா."

அப்பாவுக்குக் கொள்ளி, மகளுக்குத் தாரை. என் வேலை எல்லாவற்றையும் பங்காளி வீடே பார்த்துக்கொள்கிறது. நல்ல பங்காளிகள்.

பாக்கியத்திடம் ஒரு திட்டம் இருந்தது. ஓவியா இப்போது வந்து கார்டு வாங்கட்டும். ஒரு வருஷம் கழித்து ஊருக்குப் போய், மண்டபம் பிடித்து, புதிதாகக் கல்யாணம் செய்வதுபோல் செய்து பதிந்துவிடலாம். "ரெண்டு தடவ கட்டுனா தாலி என்ன தேஞ்சா போயிடும்?"

ஓவியா வரவில்லை. கதிர்வேல் வந்தான். எப்போதும் ஃபோனை வாயருகே வைத்துக் கத்துகிறவன், எங்கேயோ தூரத்தில் நின்று பேசினான்.

"மாமா, அவ வரட்டும் மாமா. நான் சொல்லிட்டேன். கழுத்துல இருக்கறதைக் கழட்டி எங்கம்மாகிட்ட குடுத்துட்டு பிளேன் ஏறட்டும். நான் இருப்பேன். எத்தினி வருசம் ஆனாலும் இருப்பேன்."

என்ன மாப்ளே, பெரிய சினிமா வசனமெல்லாம் பேசுறே என்று கேலி செய்ய வாயைத் திறந்தேன். மாப்ளே என்ற சொல் வரவில்லை.

"சரிப்பா" என்றேன்.

ஏப்ரல் 8

இல்லை என்று போட்டால்தான் என்ன? எட்டுப் பேர், ஒரு குலசாமி. எட்டுப் பேரும் சொந்தக்காரர்கள். சாமியும் சொந்தந்தான், எங்களைக் காட்டிக்கொடுக்காது.

ஏப்ரல் 10

ஒரு குதிரின் அடிக்கூம்பில் ஜாயின்ட் சரியாகப் பிடிக்கவில்லை. புதுப் பையன் போட்டது. பெயின்ட் அடித்து அனுப்பிவிட்டான். பெயின்டுக்கு அடியில் எல்லா ஜாயின்ட்டும் ஒரே அழகுதான். மேலே டன் டன்னாகக் கோதுமை இறங்கும்போதுதான் தெரியும். திரும்ப வாங்கிக் கிரைண்டர் வைத்து அறுத்துப் புதிதாகப் போட்டேன்.

ஏப்ரல் 12

ஓவியா தானாகக் கூப்பிட்டாள். சால்வை இல்லை. மஞ்சள் கயிறு, புது மஞ்சள் வெளிறாமல். அது என்னவென்று தெரியாதவன் மாதிரி, "கழுத்துல என்னம்மா, பள்ளிக்கூட ஐடி கார்டா?" என்றேன்.

"அப்பா, போதும்ப்பா."

ஃபோனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அன்னைக்கு மெட்டிச் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சு. எனக்குத் தெரியும். கரண்டின்னு அம்மா சொன்னதும் நம்புன மாதிரி ஒரு மூஞ்சி வச்சீங்க பாருங்க. திட்டியிருந்தாக்கூட பரவால்லப்பா. அந்த மூஞ்சியத்தான் என்னால தாங்க முடியல."

"நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாமே பாப்பா."

"எப்பப்பா சொல்றது? எப்ப அவரப் பத்தி வாயத் தொறந்தாலும் நீங்க முதல்ல கேலி பண்ணிருவீங்க. எல்லாரும் சிரிப்பாங்க. நான் எந்திரிச்சுப் போயிருவேன்." மூக்கை உறிஞ்சினாள். "நான் நடக்கப் பழகுனதுலேர்ந்து மாப்ளே மாப்ளேன்னீங்க. நீங்க வெளையாட்டுக்குச் சொன்னீங்க. நாங்க ரெண்டு பேரும் நம்பிட்டோம்ப்பா."

ஜன்னலுக்கு வெளியே ரயில் போய்க்கொண்டிருந்தது. அது போய் முடியட்டும் என்று காத்திருந்த மாதிரி இருந்தேன்.

"உங்கம்மா சொல்ற மாதிரி வர்றியா? கழட்டி வச்சுட்டு?"

"நீங்க வரச் சொன்னா வர்றேன்." மஞ்சள் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டாள். "தாத்தாவ எடுத்தப்ப நீங்க ஃபோனுக்குள்ள எப்படி நின்னீங்கன்னு நான் பாத்தேன்ப்பா. நாளைக்கு இவருக்கோ அத்தைக்கோ ஒண்ணுன்னா நானும் அப்படி நிக்கணும். அதுவும் யாரோ மாதிரி. இவரு என் புருசன்னு சொல்லக்கூட முடியாம."

மகளை ஒரு கேள்விதான் கேட்டேன்.

"அவன் உன்னைச் சிரிக்க வைக்கிறானா?"

அழுதுகொண்டிருந்தவள் சிரித்துவிட்டாள். "உங்க அளவுக்கு இல்ல. ஆனா அவரு நிறுத்த வேண்டிய எடத்துல நிறுத்திருவாரு."

ஏப்ரல் 13

கடையில் கூட்டம் போகும்வரை நின்றேன். சிவயோகம் அக்கா கம்ப்யூட்டரில் தட்டினார். நான் சொன்னேன்.

"மாற்றம் இருக்கோ?"

"இருக்கு."

"ஆருக்கு?"

"மகளுக்கு. கல்யாணம் ஆயிடுச்சு."

"எப்ப?"

பாக்கியம் சொன்ன தை மாதத் தேதியைச் சொன்னேன். அன்று நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று வரும்போதே டைரியைப் புரட்டிப் பார்த்திருந்தேன். அந்த நாளில் ஒன்றும் எழுதவில்லை. ஒன்றும் நடக்கவில்லை என்று நினைத்திருப்பேன்.

"மருமகன்ட பேர்?"

"கதிர்வேல். என் அக்கா மகன்."

"அனுப்பட்டே தம்பி?"

தலையை ஆட்டினேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே விரலை வைத்திருந்தார். வாயால் சொன்னால்தான் அழுத்துவார் போலிருந்தது.

"அனுப்புங்கக்கா."

அனுப்பிவிட்டுக் கல்லாவுக்கு அடியிலிருந்து ஒரு கற்கண்டுப் பொட்டலம் எடுத்தார். "பிள்ளைக்குக் கலியாணம் எண்டால் இனிப்புத் தர வேணாமோ? நீர் தரமாட்டீர், நான் தாறன்" என்றார். கடைக்கு வந்த ஒரு வெள்ளைக்காரப் பெரியவருக்கும் ஒன்று கொடுத்து, இவருடைய மகளுக்குத் திருமணம் என்றார். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார். என் மகள் கல்யாணத்துக்கு என்னிடம் வந்த முதல் வாழ்த்து. தேங்க்யூ என்றேன். வேறென்ன சொல்வது என்று வகுப்பில் இன்னும் சொல்லித்தரவில்லை.

மே 3

பதில் இல்லை. பனி உருகித் தரை சேறாகக் கிடக்கிறது.

மே 18

பாக்கியம் இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. "ஒரே புள்ள, அதையும் வெட்டி விட்டுட்டு நான் அங்க வந்து யாரைப் பாக்கறது?" என்கிறாள். என்னைப் பார் என்றேன். "உங்களைத்தான் பாத்தாச்சே" என்றாள். நியாயந்தான்.

ஜூன் 11

இரண்டு பேருக்கு வந்துவிட்டது. எனக்கும் பாக்கியத்துக்கும்.

மூன்றாவது பெயர் இருந்த இடத்தில் கோடுகூடப் போடவில்லை. அப்படி ஒரு பெயரே இருந்ததில்லை என்பதுபோல் சுத்தமாக இருக்கிறது. ரோமல் கேக் வாங்கி வந்தான். வெட்டினேன். அவன் சின்னப் பெண் ஓவியாவின் அறைக்குள் ஓடிப்போய்க் கத்தரிப்பூக் கோட்டுக்குள் நுழைந்துகொண்டு, நான் எங்கே என்று கண்டுபிடியுங்கள் என்றது. எல்லாரும் வெகுநேரம் தேடுவதுபோல் தேடினோம்.

ஜூன் 15

ஓவியாவிடம் கோட்டைப் பற்றிச் சொன்னேன்.

"அனுப்பி வைங்கப்பா. நான் போட்டுக்கறேன்."

"துவாக்குடி வெயிலுலயா?"

"மாட்டிக்கிட்டு மீன் வாங்கப் போறேன். எங்கப்பா கனடான்னு ஊருக்குத் தெரிய வேணாமா?"

அவளுக்கும் வாய் வந்துவிட்டது.

ஜூலை 5

கார்டு கையில் வந்தது. சின்ன அட்டைதான். என் படம் திருடன் மாதிரி இருக்கிறது. இனிமேல் போனால் வரலாம், வந்தால் போகலாம்.

அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, ஆடி பொறக்கப் போகுது. புதுசாக் கட்டுன பொண்ணை ஆடிக்கு மாமியா வீட்டுல வச்சுக்கக் கூடாது, தெரியுமில்ல? அப்பன்காரன் வந்து அழைச்சுக்கிட்டுப் போவான். எம்பொண்ணை ஒழுங்காத் துணிமணியோட ரெடி பண்ணி வை."



"யாருடா வர்றது? பங்காளி வீட்டு ஆளா?"

"நாந்தான்க்கா. டிக்கெட் போட்டாச்சு."

அக்கா அழுதாள். அழுதுகொண்டே, "சீரு என்ன கொண்டாருவே? வெறுங்கையோட வந்தா வாசலோட அனுப்பிருவேன்" என்றாள். அக்காதான்.

ஓவியாவுக்காக வாங்கத் தவித்த கார்டு. அவளை இங்கே அழைத்துவர அது ஆகவில்லை. அக்கா வீட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு, இரண்டு தெரு, அழைத்துப்போக ஆகியிருக்கிறது. ஆடி முடிந்ததும் அவளைத் திரும்ப அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, பாக்கியத்தைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏற வேண்டும். பாக்கியம் வருவாளா என்று நேரில்தான் கேட்க வேண்டும்.

ஜூலை 14

நாளை கிளம்புகிறேன். மாப்பிள்ளைக்கு வேட்டி சட்டை திருச்சியில் எடுத்துக்கொள்ளலாம். கோட்டைப் பெட்டியில் அடியில் வைத்துவிட்டேன்.

வாசலில் போய் நின்றதும் அவன்தான் முதலில் வருவான். "வாங்க மாமா" என்பான். அதற்கு நான் ஒன்று சொல்ல வேண்டும். ஆயிரம் தடவை சொன்ன சொல்தான். ஏப்ரலிலிருந்து ஒரு தடவையும் சொல்லவில்லை. தம்பி, ஏப்பா என்று ஒப்பேற்றிக்கொண்டிருக்கிறேன்.

இன்று கடைசிக் குதிர் முடிந்ததும் வெல்டிங் டார்ச்சைக் கீழே வைத்தேன். சுற்றிலும் யாரும் இல்லை. இருந்தாலும் ஷீல்டை இறக்கிக்கொண்டேன். உள்ளே இருட்டில் ஒரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.

மாப்ளே.

கண்ணாடியில் ஆவி படிந்தது. துடைத்துவிட்டு இன்னொரு தடவை சொன்னேன்.